வேலை, வீடு, ஓய்வு: காலப் பங்கீட்டின் அறம்

செல்வமும் கல்வியும் அதிகாரமும் மனிதரிடையே ஏற்றத்தாழ்வுடன் பகிரப்பட்டுள்ளன என்பதை மறுப்பார் இலர். ஆயின் காலம் மட்டும் யாவருக்கும் ஒரே அளவாக வழங்கப்பட்டுள்ளது என்ற நம்பிக்கை பரவலாக நிலவுகின்றது. அரசனுக்கும் ஆண்டிக்கும் நாளொன்றுக்கு 24 மணித்தியாலங்களே. அவற்றைத் திட்டமிட்டுச் செலவிடுபவர் தொழிலையும் கவனிப்பார், வீட்டையும் பேணுவார், ஓய்வையும் துய்ப்பார். அவ்வாறு செய்யவியலாதவர் காலத்தின் அருமை அறியாதவர். காலப் பங்கீடு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இந்த எடுகோளின் மீதே எழுப்பப்படுகின்றன. இவ்வாறு நோக்குமிடத்து வேலை, வீட்டு வேலை, ஓய்வு என்பவற்றைச் சமன் செய்தல் தனிமனிதனின் கெட்டித்தனம் பற்றிய ஒரு கணக்காகி விடுகின்றது. உண்மையில் அது கணக்கன்று. மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான நீதி பற்றிய வினாவாகும். அதனை அவ்வாறு நிறுவ முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு என்பது ஓர் உரிமை என்ற கருத்து மனித வரலாற்றில் மிக அண்மைக் காலத்தது. கைத்தொழிற் புரட்சியின் தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகளில் சிறுவரும் பெண்களும் உட்பட யாவரும் சூரியோதயத்திற்கு முன் தொடங்கி இருள் சூழ்ந்த பின்னரும் உழைத்தனர். இந்நிலைக்கு எதிராக ரொபேர்ட் ஓவன் போன்றோர் முன்வைத்த கோரிக்கை, பின்னாளில் உலகத் தொழிலாளர் இயக்கத்தின் முழக்கமாகவே மாறிற்று: எட்டு மணித்தியாலம் உழைப்பு, எட்டு மணித்தியாலம் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியாலம் உறக்கம். 1847இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நெசவாலைகளிற் பணிபுரிந்த பெண்களுக்கும் இளைஞருக்கும் வேலைநாளைப் பத்து மணித்தியாலமாக வரையறுத்தது. 1886 மே மாதத்தில் சிக்காகோ நகரத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலைநாளுக்காகக் குருதி சிந்தினர். 1919இல் தோற்றம் பெற்ற சர்வதேச தொழில் அமைப்பு தனது முதலாவது சமவாயத்தையே வேலைநேர வரையறை பற்றியதாக ஆக்கியது. 1948இன் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் இளைப்பாறுதலையும் ஓய்வையும் ஒவ்வொரு மனிதருக்கும் உரியனவாக ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வகுத்தது.

இவை யாவும் போற்றத்தக்க வெற்றிகளே. எனினும் மூன்று எட்டுகளைக் கூட்டி 24 என விடை காணும் அந்த முழக்கத்தைச் சற்று ஆழ்ந்து நோக்கின், அதில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது புலனாகும். எட்டு மணித்தியாலம் உழைத்து மீள்பவனுக்குச் சோறு சமைத்தது யார்? அவனுடைய உடுப்பைத் துவைத்தது யார்? அவனுடைய பிள்ளையைப் பகல் முழுவதும் பார்த்தது யார்? அந்த 24 மணித்தியாலங்களுள் இவற்றுக்கு ஒரு நிமிடமேனும் ஒதுக்கப்படவில்லை. இவ்வேலைகள் தாமாக நடந்தேறும் என எவரும் எண்ணியிருக்க முடியாது. இன்னொருவர் அவற்றைச் செய்து முடிப்பார் என்ற எண்ணம் சொல்லப்படாமலே அம்முழக்கத்துள் உறைந்து கிடந்தது. தொழிலாளியின் எட்டு மணித்தியால ஓய்வு முதலாளியிடமிருந்து மாத்திரம் மீட்கப்பட்டதன்று; அதன் ஒரு பகுதி அவன் வீட்டுப் பெண்ணின் நாளிலிருந்தும் பெறப்பட்டது.

வீட்டு வேலையின் இயல்பே அது கண்ணிற் படாமைக்குப் பெரிதும் காரணமாகின்றது. தச்சன் செய்த கதிரை ஆண்டுகள் பல நிலைக்கும். காலையிற் சமைத்த உணவோ நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். கூட்டிய முற்றத்தில் மறுநாளும் சருகு விழும். செய்து முடித்த வீட்டு வேலையை எவரும் காண்பதில்லை; செய்யாது விடப்பட்டதே கண்ணிற் படும். அதற்குத் தொடக்க மணியும் இல்லை, முடிவு மணியும் இல்லை. பொருளியலாளரும் இதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1934இலேயே அமெரிக்கப் பொருளியலாளரான மார்கரெட் றீட் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார்: ஒரு செயலைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மற்றொருவர் செய்யக்கூடுமாயின் அது உழைப்பு. சமையல், சலவை, பிள்ளை பராமரிப்பு ஆகிய யாவும் இவ்வளவுகோலின்படி உழைப்பே. ஆயினும் நாடுகளின் தேசிய வருமானக் கணக்கீட்டு முறைமை, குடும்பத்தினர் தமக்காகத் தாமே செய்துகொள்ளும் இச்சேவைகளை உற்பத்தியின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஒருவர் தம் வீட்டில் சமையற்காரியை வைத்திருக்கும்வரை அவளுடைய உழைப்பு தேசிய வருமானத்திற் சேரும். அவர் அவளையே மணந்துகொண்டால் அதே உழைப்பு கணக்கிலிருந்து மறைந்துவிடும் என்பது பொருளியல் மாணவர் யாவரும் அறிந்த பழைய வேடிக்கை. தொழிற்படைப் புள்ளிவிபரங்களில் வீட்டு வேலையில் மாத்திரம் ஈடுபடுவோர் பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர் என்ற தொகுதியினுள் அடக்கப்படுவதும் இதே நோக்கின் விளைவாகும்.

புள்ளிவிபரத் திணைக்களத்தின் மொழியை விடப் பேச்சுமொழி இவ்விடயத்தில் இன்னும் வெளிப்படையானது. மனைவி என்ன செய்கிறா என்று கேட்டால், "அவ வீட்டிலை சும்மா தான் இருக்கிறா" என்று பதில் வருவது தமிழ்ச் சூழலில் வழமை. இங்கு "சும்மா" என்னும் சொல் சிந்தனைக்குரியது. சைவ மரபில் சும்மா இருத்தல் என்பது ஆன்மா அடையத்தக்க உயர் நிலைகளுள் ஒன்று. தாயுமானவர் அதனைப் பாடினார். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் அதனைத் தம் அன்பர்களுக்கு அறிவுரையாக்கினார். ஞானிகள் வாழ்நாளெல்லாம் முயன்று எய்த விரும்பிய அந்நிலையை, விடிய எழுந்து அடுப்பு மூட்டி இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை ஓயாதவளுக்கு இச்சமூகம் மிக எளிதாக வழங்கிவிட்டது. சொல் ஒன்றே, ஒரு பொருளில் அது விடுதலையைக் குறிக்கின்றது, மறு பொருளில் உழைப்பின் மீது திரையிடுகின்றது.

ஓய்வின் உயர்வைப் பேசிய சிந்தனையாளரிடையேயும் இத்திரை காணப்படுகின்றது. பண்டைக் கிரேக்கர் ஓய்வை வெறும் இளைப்பாறலாகக் கருதவில்லை. கற்றலும் உரையாடலும் குடிமை வாழ்வும் நிகழ்தற்குரிய களமாகவே அதனைக் கண்டனர். ஓய்வைக் குறித்த அவர்தம் சொல்லிலிருந்தே பாடசாலை என்பதற்கான ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன. அரிஸ்டோட்டில் இவ்வோய்வையே வாழ்வின் இலக்காகக் கருதினார். ஆயின் அவருடைய 'அரசியல்' என்னும் நூலின் முதற் புத்தகம் இவ்வோய்வின் விலையையும் மறைக்காது கூறிவிடுகின்றது. தறியின் நாடா தானே நெய்யுமாயின், யாழின் கோல் தானே மீட்டுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியிருக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். நாடா தானே நெய்யவில்லை. ஆகவே அடிமை நெய்தான், பெண் சமைத்தாள், குடிமகன் மெய்யியல் பேசினான். அரிஸ்டோட்டிலின் முடிபை இன்று எவரும் ஏற்கமாட்டார். எனினும் அவர் மறைக்காது கூறியதைப் பின்வந்தோர் மறந்துவிட்டனர். ஒருவருடைய ஓய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. அது இன்னொருவருடைய வேலையால் ஆக்கப்படுகின்றது.

இவ்வுண்மையை இலங்கையில் மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் மலையகத் தேயிலைத் தோட்டமாகும். கொழுந்து பறிக்கும் பெண் அதிகாலை நான்கு ஐந்து மணிக்குள் எழுந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பெரித்து, காலையுணவும் மதிய உணவும் ஆக்கி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்கு விரைகிறாள். மதிய இடைவேளையில் லயத்துக்கும் காம்பராவுக்கும் ஓடி மீண்டும் மலையேறுகிறாள். கொழுந்து நிறுத்து, கணக்குப் பதிந்து, மாலை நான்கரை ஐந்து மணிக்கு மலையிறங்கிய பின் அவளுடைய இரண்டாவது வேலைநாள் ஆரம்பமாகின்றது. விறகு, தண்ணீர், சமையல், சலவை என அது இரவு வரை நீளும். ஆண்களுக்குரிய கவ்வாத்து, முள்ளுக்குத்து, புல்வெட்டு முதலியன பெரும்பாலும் அளவு வகுத்துக் கொடுக்கப்படும் வேலைகள். அவ்வளவை முடித்தவர் நண்பகலை அடுத்து வீடு திரும்பலாம். அவ்வேலைகள் கடினமானவை என்பதிலோ, பிற்பகலில் மரக்கறித் தோட்டம் செய்தும் வெளியிற் கூலிக்குச் சென்றும் உழைப்போர் பலர் உளர் என்பதிலோ ஐயமில்லை. எனினும் பிற்பகல் என்ற ஒன்றை எவ்வாறு செலவிடுவது எனத் தெரிவு செய்யும் வாய்ப்பு ஆணுக்கு இருந்தது, பெண்ணுக்கு இருக்கவில்லை. 1982இல் சர்வதேச தொழில் அமைப்பின் வெளியீடாக வந்த தமது ஆய்வில் ரேச்சல் குரியன் தோட்டப் பெண்களின் இந்த இரட்டைச் சுமையை எடுத்துக்காட்டினார்.

1984இல் தோட்டங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான நாட்சம்பள வேறுபாடு நீக்கப்பட்டது. தொழிலாளரின் போராட்டத்தால் விளைந்த அம்மாற்றம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. ஆயின் பேருக்குரிய சம்பளம் சமமாயிற்றேயன்றி அப்பேரைப் பெறுவதற்கு முன்னும் பின்னும் நிற்கும் மணித்தியாலங்கள் சமமாகவில்லை. கூலியின் நீதியும் காலத்தின் நீதியும் வெவ்வேறானவை என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராவும் இவ்வகையில் ஆராயத்தக்கது. வீட்டு வேலையைச் சமூகம் பொறுப்பேற்க வேண்டும் என்பது 1884இல் ஏங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றிய தமது நூலில் முன்வைத்த கருத்தாகும். பார்வைக்குத் தோட்டத்துக் காம்பராவும் அத்தகைய ஏற்பாடே போலத் தோன்றும். ஆனால் அது தாயின் ஓய்வுக்காக அமைக்கப்பட்டதன்று. அவளுடைய கைகள் கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டது. அவள் மலையிறங்கியதும் குழந்தை அவளிடமே திரும்பி வருகின்றது. ஒரே நிறுவனம் யாருடைய காலத்தை யாருக்காக விடுவிக்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் அறப்பெறுமானம் அமைகின்றது.

தோட்டத்தின் கதை தோட்டத்தோடு முடிவதில்லை. மலையகத்தின் வறிய குடும்பங்களிலிருந்து சிறுமியரும் இளம் பெண்களும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடுத்தர வகுப்பினரின் குசினிகளுக்கு அனுப்பப்பட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. கணவனும் மனைவியும் கந்தோருக்குச் செல்லும் வீடுகளில் அவர்களுக்கிடையிலான காலப் பூசல் பெரும்பாலும் நீதியால் தீர்க்கப்படவில்லை. மூன்றாமவரான ஓர் ஏழைப் பெண்ணால் தீர்த்து வைக்கப்பட்டது. 1977க்குப் பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கிய இலங்கைப் பெண்களின் வாழ்விலும் இதே சங்கிலியைக் காணலாம். அங்குள்ள ஒரு வீட்டின் வேலையை அவர்கள் ஏற்க, அவர்களுடைய வீட்டின் வேலையை மூத்த மகளோ அம்மம்மாவோ ஏற்கிறார். மகள் பாடசாலையை விட்டு நிற்குமிடத்து, தொலைதூரத்து வீடொன்றின் ஓய்வுக்கு அவளுடைய கல்வியே விலையாகின்றது. சங்கிலியின் மேலே செல்லச் செல்ல ஓய்வு மிகுகின்றது. கீழே வர வர அது குறைந்து, இறுதியில் நிற்பவளிடம் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது.

இதற்கு எதிராக எழுப்பப்படக்கூடிய தடைகள் சிலவற்றை நோக்குதல் தகும். இயந்திரங்கள் பெருகப் பெருக இச்சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும் என்பது முதலாவது. தானே நெய்யும் நாடா வந்துவிட்டது. தானே துவைக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. 1930இல் கெயின்ஸ், நூறு ஆண்டுகளுள் வாரத்துக்கு 15 மணித்தியால வேலையே போதுமானதாகும் என எதிர்பார்த்தார். அவர் எதிர்வுகூறிய செல்வப் பெருக்கம் பல நாடுகளில் ஏற்பட்டது. ஓய்வோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1974இல் ஜோன் வனெக் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவில் முழுநேர இல்லத்தரசிகள் 1920களிற் செலவிட்டதை விடக் குறைந்த நேரத்தை 1960களில் வீட்டு வேலைக்குச் செலவிடவில்லை எனக் காட்டியது. சலவை இயந்திரம் வந்ததும் உடுப்புகள் அடிக்கடி துவைக்கப்படலாயின; தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. இயந்திரம் வேலையின் வடிவத்தை மாற்றும். அவ்வேலை யாருக்குரியது என்ற தீர்ப்பை அது மாற்றாது. அன்றியும் அவ்வசதி எத்துணை நிலையற்றது என்பதை இலங்கையர் 2022இல் நேரிற் கண்டனர். எரிவாயுவும் மின்சாரமும் அற்றுப்போன அம்மாதங்களில் வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. வரிசைகளிலும் அடுப்படிகளிலும் மணித்தியாலங்கள் கரைந்தன.

இரண்டாவது தடை இதனினும் வலியது. வீட்டு வேலை அன்பின் வெளிப்பாடு. தாய் பிள்ளைக்குச் சோறூட்டுவதை மணித்தியாலக் கணக்கில் அளப்பது உறவைச் சந்தையாக்குவதாகும் என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பராமரிப்பை முற்றாகக் கூலியாக மாற்றிவிட்ட சமூகம் வறண்டதாகவே இருக்கும். 1972 முதல் ஐரோப்பாவிற் சில பெண்ணிலைவாதிகள் வீட்டு வேலைக்கு ஊதியம் கோரியபோது, அவ்வூதியம் பெண்ணை அடுப்படியிலேயே நிரந்தரமாகக் கட்டிவிடும் என ஏனைய பெண்ணிலைவாதிகள் அஞ்சியதும் பொருளற்றதன்று. ஆயின் அன்பு என்னும் வாதம் நிறுவ முற்படுவதை அது நிறுவவில்லை. வீட்டு வேலை அன்பாயின், அவ்வன்பைக் காட்டும் வாய்ப்பு ஏன் ஒருவருக்கே வழங்கப்படுகின்றது? தந்தையின் அன்பு பாத்திரம் கழுவுமிடத்து ஏன் நின்றுவிடுகின்றது? பகிர்ந்துகொள்வதால் அன்பு குறைவதில்லை. அன்பின் பெயரால் மற்றொருவரின் முழுநாளையும் பெற்றுக்கொண்டு, தம் பங்கைத் தராதிருப்பவர் அன்பைப் போற்றுபவர் அல்லர், அதனைப் பயன்படுத்துபவர்.

1975 ஒக்டோபர் 24இல் ஐஸ்லாந்து நாட்டுப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் தொழிலையும் வீட்டு வேலையையும் ஒரு நாளைக்கு நிறுத்தி வைத்தனர். தந்தையர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைத்தலங்களுக்குச் செல்ல நேர்ந்தது. மறுநாள் பெண்கள் வேலைக்குத் திரும்பினர். அன்பு அழிந்து போகவில்லை. அழிந்தது, வீட்டு வேலை தானாக நடக்கின்றது என்ற மயக்கமே.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். ஒருவர் தம் நாளை எவ்வாறு பிரித்துக்கொள்கிறார் என்பதை மாத்திரம் கொண்டு அவர் வாழ்வு சமநிலையுடையது எனத் தீர்ப்பளித்தல் போதாது. அவருடைய ஓய்வு எங்கிருந்து வந்தது, அதனைத் தந்தவருக்கு அத்தகைய ஓய்வு திரும்பக் கிடைக்கின்றதா என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும். இவ்வினாவுக்கு விடையற்ற ஓய்வு, அதனை எத்துணை உயர்ந்த நூல்களைக் கற்பதிற் செலவிட்டாலும், கடனாகவே எஞ்சும். இதன் பொருள் யாவரும் ஓய்வைத் துறந்துவிட வேண்டும் என்பதன்று. துறவு சுமையைக் குறைப்பதில்லை. கணவர் மனைவிக்கு உதவி செய்கிறார் என்ற வழக்கிலுள்ள "உதவி" என்ற சொல்லைக் கைவிடுவதே தொடக்கமாக அமையலாம். தம் சொந்தக் கடமையைச் செய்பவர் எவருக்கும் உதவுவதில்லை. அடுத்து, பொது நீர்க்குழாய், நல்ல பாலர் நிலையம், நியாயமான போக்குவரத்து ஆகியவற்றை வெறும் வசதிகளாகக் கருதாது, காலத்தை நீதியாகப் பகிரும் சாதனங்களாகக் கருதும் பொதுக் கொள்கை தேவை. இலங்கையில் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடளாவிய ஆய்வொன்றின் வழி அளந்தமை இத்திசையில் ஒரு படியாகும்; ஊதியமற்ற வீட்டு வேலையின் பெரும் பகுதி பெண்கள் மீதே தங்கியுள்ளது என்பதை அது எண்களால் உறுதிப்படுத்திற்று.

இறுதியாக, இவ்வினாவிலிருந்து விலகி நிற்கும் உரிமை மற்றெவரையும் விடப் பல்கலைக்கழகத்தினருக்குக் குறைவு. ஏனெனில் பல்கலைக்கழகம் ஓய்வினாற் கட்டப்பட்ட நிறுவனமாகும். நூலகத்தில் மாணவன் ஒருவன் அமைதியாக அமர்ந்து படிக்கும் பிற்பகலுக்குப் பின்னால், வயலிலோ மலையிலோ வெளிநாட்டு வீடொன்றிலோ உழைத்து அவனுக்குக் காசு அனுப்பும் ஒருவர் இருக்கிறார். தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா இருக்கிறாள். ஆய்வுக் கட்டுரையை இரவிரவாக எழுதும் விரிவுரையாளரின் மேசைக்கு வரும் தேநீரை யாரோ ஊற்றியிருக்கிறார். அதன் கொழுந்தை வேறு யாரோ பறித்திருக்கிறார். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவியிடம் முதல்நாளே அடுப்படி ஒப்படைக்கப்பட, மாணவனிடம் பிரயாணக் களைப்பு விசாரிக்கப்படுவதும் இங்குதான் நிகழ்கின்றது. மாணவனுக்கு அவ்வாறு கிடைக்கும் விடுமுறை அவன் தாயிடமிருந்தும் சகோதரியிடமிருந்தும் பெறப்பட்ட காலமாகும். அதனை அறிந்த பின்னும் அவன் மேசையை விட்டு எழாதிருப்பானாயின், அவன் கற்ற அறவியல் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிட்டதென்றே கொள்ள வேண்டும்.